மிஸ் வெர்லின் மாற்றிய ஒரு வரி

எங்கள் லிண்டன் நகரில் மேலிடத்துக்கு அனுப்பும் கடிதத்தை எவரும் தம் சொந்த ஆங்கிலத்தில் அனுப்புவதில்லை. அஞ்சலகத்தில் பணியாற்றி ஓய்வுபெற்ற மிஸ் வெர்லினிடம் கொடுத்து மெருகேற்றிக்கொள்வோம். கூலியாக ஓர் அன்னாசிப் பழம் போதும்.

நான் மரக்கிடங்கின் வாயில்காவலன். நண்பகல் வெயிலில் நினைவிழந்து விழுந்தேன். அந்நேரத்தில் ஒரு லாரி மரம் களவு போயிற்று. விளக்கக் கடிதத்தில் அவ்வாறே எழுதி மிஸ் வெர்லினிடம் கொடுத்தேன்.

"நினைவு தப்பிருச்சுன்னு எழுதினா நோயாளின்னு வீட்டுக்கு அனுப்பிருவாங்க, ஓரின். 'லாரி போனதை நான் அறியவில்லை'ன்னு மாத்திட்டேன். இதுதான்பா கௌரவம்," என்றார்.

நான் கையெழுத்திட்டேன்.

"மூக்குக்கு முன்னால லாரி போயிருக்கு, ஐயாவுக்குத் தெரியலையாம்," என்றார் கடிதத்தைப் படித்த கிடங்கு மேலாளர். வேலை போயிற்று.

பின்னர் அகராதியை வைத்து நான் எழுதிய ஆங்கிலச் சொல்லையும் அவர் மாற்றிய சொல்லையும் நானே கற்றேன். நினைவிழந்தவன் எதையும் அறிய இயலாதவன். அறியாதவனோ விழித்திருந்தும் கவனிக்காமல் விட்டவனாக இருக்கலாம். நான் முதலில் எழுதிய கடிதத்தை மிஸ் வெர்லினிடம் காட்டினேன். அவர் அதை வாங்கிப் படித்தார். பிறகு, அந்த வரியை மாற்றியது தாமே என்று ஒரு தாளில் எழுதி, என்னுடன் அலுவலகத்துக்கு வந்தார்.

"கையெழுத்து இவன் போட்டதுதானே, மிஸ்?" என்று கேட்டார் மேலாளர்.

"ஆமா."

மேலாளர் தாள்களைத் திருப்பித் தந்தார்; வேலையைத் தரவில்லை. அவை என்னிடம் உள்ளன. மிஸ் வெர்லினிடம் இன்றும் ஆட்கள் வருகிறார்கள். அவர் எழுத்துப்பிழைகளை மட்டும் திருத்தித் தருகிறார்.