மூன்றாம் அடுக்கில் இருந்த காடு

மின்னஞ்சல் மரியாதையாகத்தான் இருந்தது. அதனாலேயே பயம் கூடியது. மலைநாட்டில் வத்தேகமவுக்கு மேலே நான் முன்பு மண் எடுத்த அதே சதுப்பில் வெளிநாட்டு ஆய்வாளர் ஒருவர் தோண்டிப் பார்த்திருக்கிறார். நான் கண்டுபிடித்த பிசின் அவருக்குக் கிடைக்கவில்லையாம். மிச்ச மண் இருந்தால் கொஞ்சம் அனுப்ப முடியுமா என்று கேட்டிருந்தார்.

என் துறை கரிமப் புவி இரசாயனம் என்றால் நாவலப்பிட்டியில் கடை வைத்திருந்த அப்பாவுக்கு என்ன விளங்கும்? சேற்றுக்குள் செத்துப்போன மரத்தைத் தேடுகிறேன் என்பேன். உண்மையும் அதுதான். மரம் மக்கினாலும் அதன் மெழுகும் பிசினும் ஆயிரக்கணக்கான வருடம் சேற்றில் கிடக்கும். அந்தச் சதுப்பின் மூன்றாம் அடுக்கில் மட்டும் பிசின் நிறையவே இருந்தது. இன்று தேயிலை நிற்கும் சரிவில் ஒரு காலம் குங்கிலியம் வடியும் மரக்காடு இருந்து அழிந்தது என்று எழுதினேன். அந்தக் கட்டுரைதான் என்னை ஆளாக்கியது. எங்கெங்கோ மேற்கோள் காட்டினார்கள். அதை நம்பி என் மாணவர்கள் இரண்டு பேர் பட்டம் வாங்கினார்கள். அந்தச் சரிவில் அதே மரக் கன்றுகளை நடவும் தொடங்கிவிட்டார்கள்.

பதில் எழுத உட்கார்ந்தவள், எதற்கும் பார்ப்போம் என்று பழைய ஆய்வுக் கொப்பியைப் புரட்டினேன். மூன்றாம் அடுக்கைத் தட்டில் பரப்பிக் காயவைத்த திகதிக்குப் பக்கத்தில் என் கையெழுத்து: சரஸ்வதி பூசை, அரை நாள்.

அன்றைக்கு இயந்திரங்களுக்குப் பொட்டு வைத்து, அறை முழுக்கச் சாம்பிராணி போட்டவள் நான்தான். கடைச் சாம்பிராணியில் குங்கிலியமும் கலந்திருக்கும் என்பது எனக்கா தெரியாது? விரல் பட்டால் தோலின் எண்ணெயும் இயந்திரத்தில் தெரியும் என்று மாணவர்களைப் பிடித்து ஏசுகிறவள் நான். சோதனைக்கென்று சுத்தமான மணலையும் சேர்த்து இயந்திரத்தில் ஓட்டினோம்; அதில் ஒன்றும் தெரியவில்லை. ஆனால் அந்த மணல் உலையிலிருந்து நேரே போத்தலுக்குள் போனது, மண்ணைப்போல் புகையில் திறந்து கிடக்கவில்லை.

அந்த அடுக்கின் மறுபாதி உறைபெட்டியில் இருந்தது. கரண்ட் போய்ப் பழுதாகிவிட்டது என்று எழுதினால் யார் கேட்கப் போகிறார்கள்? அப்படி நினைத்தேன் என்பதே என்னை இன்னும் பயமுறுத்தியது. கெலிஓயாவிலிருந்து பஸ்ஸில் வரும் ஆய்வுகூட உதவியாளரைக் கூப்பிட்டேன். என்னைவிட மூத்த முஸ்லிம் மனிதர், அண்ணன் என்பதுபோல் நானா என்றுதான் அழைப்பேன். அந்த மண்ணை மூடி உலர்த்தித் திரும்ப ஓட்டச் சொன்னேன். காரணம் சொல்லவில்லை, அவரும் கேட்கவில்லை.

மூன்று நாள் சோறு இறங்கவில்லை. தொலைபேசி அடித்தால் எடுக்கவில்லை. பட்டம் வாங்கிய பிள்ளைகளின் முகம்தான் கண்ணுக்குள் நின்றது. காடு இருக்கட்டும், எப்படியாவது இருக்கட்டும் என்று பஸ்ஸில் போகும்போதுகூட வேண்டிக்கொண்டேன். நானும் ஒரு விஞ்ஞானி!

மூன்றாம் நாள் மத்தியானம் திரையில் கோடு வந்தது. பிசின் இருந்தால் கோடு எழும்பவேண்டிய இடத்தில் ஒன்றுமே இல்லை. காடு இல்லை. நானா பக்கத்தில் நின்று கோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"பூசை அண்டைக்குத் தட்டு தொறந்து கிடந்தத நான் கண்ட, மேடம்."

ஏன் மூடவில்லை என்று கேட்டேன். பூசை நடக்கும்போது இடையில் வந்து தட்டை மூடினால் நான் தப்பாக நினைப்பேனோ என்று விட்டுவிட்டாராம். பிறகு மூடலாம் என்று போனபோது புகை எல்லா இடமும் பரவியிருந்ததாம். சரி, கட்டுரை வந்தபோதாவது சொல்லியிருக்கலாமே என்றேன்.

"நீங்க அவ்வளவு சந்தோஷமா இருந்தீங்க. பொறகு சொல்லப் பயம்."

"எதுக்கு நானா பயம்?"

"உங்களப் பாத்துத்தான், மேடம்."

எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும் என்பது ஊரறிந்தது. அதை ஒரு பெருமையாகவே நினைத்திருந்தேன். மூன்று நாள் நான் பட்ட பாட்டை இந்த மனிதர் இத்தனை வருடம் பட்டிருக்கிறார். வெட்கத்தில் எனக்கு அழுகை வந்தது.

தவறு என் ஆய்வுகூடத்தில், என் கையால் நடந்தது என்று அந்த ஆய்வாளருக்கு எழுதத் தொடங்கினேன். எழுதுவதைப் பக்கத்தில் இருந்து பாருங்கள் என்று நானாவுக்கு ஒரு கதிரையை இழுத்துப் போட்டேன். அவர் உட்காரப் பயந்தார்.