பூட்டு நினைவு அறை

எங்கள் சமூகக் கூடத்தின் மாடியில் ஓர் அறைக்கு என் அத்தானின் பெயரை வைத்திருக்கிறார்கள். அத்தான் என்றால் என் அக்காவின் புருஷன். அவருடைய சொந்தப் பெயரைச் சொன்னால் தபால்காரருக்கே தெரியாது, பூட்டு என்றால்தான் தெரியும். கோல்கீப்பராக நின்ற காலத்தில் அவரைத் தாண்டிப் பந்து உள்ளே போவது அபூர்வம் என்பதால் வந்த பெயர். அதனால் பலகையிலும் ‘பூட்டு நினைவு அறை’ என்றே எழுதிவிட்டார்கள். அதற்குக் கீழேயே இன்னொரு பலகை இருக்கிறது: ‘இங்கே பந்து கொண்டுவரக் கூடாது.’ இரண்டையும் மாட்டியது ஒரே ஆள், ஒரே ஏணி. கொடுத்ததை மாட்டினான், அவனைச் சொல்லிக் குற்றமில்லை.

அதே அணியில் நானும் கோல்கீப்பர்தான், மாற்று கோல்கீப்பர். அவரைப் பூட்டு என்று கூப்பிட்ட ஊர் என்னை டூப்ளிகேட் சாவி என்று கூப்பிட்டது. ஆலை இல்லாத ஊருக்கு இலுப்பைப்பூ சர்க்கரை என்பார்கள். எங்கள் ஊர் ஆலை ஒரு நாள்கூட லீவு போடவில்லையே! காய்ச்சலோடு வந்து நின்றார், விரல் வீங்கியபோதும் வந்து நின்றார். அவருடைய கல்யாணத்தன்று சாயங்காலம் ஓர் ஆட்டம் இருந்தது. இன்றைக்காவது நம் ஜாதகம் திறக்கும் என்று நான் பூட்ஸ் நாடாவை இறுக்கிக் கட்டிக்கொண்டிருந்தேன். புதுச் சட்டையைக் கழற்றிக்கொண்டே ஓடி வந்தார் மனுஷன்.

“மாப்ள, நகரு. கொஞ்ச நேரம்தான்னு உங்க அக்காகிட்ட சொல்லிட்டு வந்திருக்கேன்.”

நான் பெஞ்சில் உட்கார்ந்தேன். கல்யாண மண்டபத்தில் அக்காவும் தனியாக உட்கார்ந்திருந்தாள். அவரால் காத்துக் கிடந்தவர்கள் என்று பார்த்தால் எங்கள் குடும்பத்திலேயே இரண்டு பேர்.

பிழைப்புக்கு அவர் போனது கண்ணாடிக் கடைக்கு. ஜன்னலுக்குக் கண்ணாடி அறுப்பது, போட்டோவுக்குச் சட்டம் போடுவது. இந்த வட்டாரத்தில் எந்த வீட்டுச் சுவரில் யார் சிரித்துக்கொண்டிருந்தாலும் அந்தச் சிரிப்புக்கு மேல் கண்ணாடி மாட்டியவர் அவராகத்தான் இருப்பார். ஆனால் அவரை மட்டும் ஒரு படம் எடுத்துவிட முடியாது. கேமராவைத் தூக்கினால் போதும், இரண்டு கையும் விரிந்து முகத்துக்கு முன்னால் வந்து நிற்கும். வேண்டுமென்று செய்வதில்லை, பாவம். எதிரே ஒருத்தன் குறி பார்த்து நின்றால் அந்தக் கை தானாக எழும்பிவிடும். கல்யாண ஆல்பத்தைப் புரட்டினால் பக்கத்துக்குப் பக்கம் என் அக்கா ஓர் உள்ளங்கைக்குப் பக்கத்தில் நின்று சிரித்துக்கொண்டிருப்பாள். அடையாள அட்டைக்குப் படம் எடுத்தவர் கையை நாற்காலிக்கு அடியில் பிடித்துக்கொள்ளச் சொன்னாராம். கை அடங்கியது, கண் இறுக மூடிக்கொண்டது. அந்த அட்டையைக் காட்டும் இடத்திலெல்லாம், “ஆள் முழிச்சதும் கூட்டிட்டு வாங்க” என்று கிண்டல் செய்வார்கள்.

அவர் இருந்தவரை இதெல்லாம் எங்களுக்குச் சிரிப்பாகத்தான் இருந்தது.

போன வருஷம் கடையில் ஒரு பெரிய கண்ணாடியைத் தூக்கிக்கொண்டு வந்தவருக்கு நெஞ்சு வலித்தது. கண்ணாடியைப் பத்திரமாகச் சுவரில் சாய்த்து வைத்துவிட்டு, கீழே உட்கார்ந்தார். எழுந்திருக்கவில்லை. அதில் ஒரு கீறல்கூட இல்லை என்று கடைக்காரர் எல்லோரிடமும் சொல்லி அழுதார். கண்ணாடி கிடக்கிறது கழுதை, உடைந்தால் உடைந்துவிட்டுப் போகட்டும் என்று அவர் முன்னாடியே உட்கார்ந்திருக்கக் கூடாதா? எனக்கு இன்றைக்கும் ஆறவில்லை.

கொஞ்ச நாள் கழித்து அக்கா ஆல்பத்தை மடியில் வைத்துக்கொண்டு என்னைக் கூப்பிட்டாள்.

“டேய், அவர் மூஞ்சி எனக்கு மறந்து போயிடும் போல இருக்குடா. கண்ண மூடினா கைதான் தெரியுது.”

நான் குழாய் வேலை பார்ப்பவன். ஒழுகுகிற எதையும் நிறுத்திவிடுவேன் என்று பெயர். அன்றைக்கு அக்கா அழுகையை நிறுத்தத் தெரியவில்லை.

அந்த நேரத்தில்தான் கூடத்துச் செயலாளர் வீடு தேடி வந்து, மாடி அறைக்கு அத்தான் பெயரை வைக்கப்போவதாகச் சொன்னார். உடைந்த நாற்காலிகளைப் போட்டு வைத்திருந்த அறை அது. அதன் ஜன்னலை ஒரு தடவை எங்கள் பந்து உடைத்தது. அணியையே வளாகத்துக்குள் விடாதே என்று உத்தரவு போட்டவரும் இதே செயலாளர்தான். அத்தான் கடையிலிருந்து கண்ணாடி கொண்டுவந்து மாட்டிவிட்டு, இவர் வாயிலிருந்து வந்ததையெல்லாம் வாங்கிக்கொண்டு போனார். இருக்கும்போது ஏச்சு, போன பிறகு பேச்சு. நான் வாயைத் திறப்பதற்குள் அக்கா கேட்டாள்.

“அவர் படம் மாட்டுவீங்களா?”

“பெரிசா மாட்டறோம்மா. உங்க அணித் தலைவர் வீட்டுல ஒரு குரூப் போட்டோ கிடைச்சிருக்கு. அதுலேர்ந்து அவரை மட்டும் தனியா எடுத்துப் பெரிசு பண்றோம்.”

“மூஞ்சி தெரியுதா?”

“பளிச்சுனு தெரியுதும்மா!”

அக்கா அன்றைக்குச் சாப்பிட்டாள். திறப்பு நாள் வரைக்கும் அதே பேச்சுதான். எந்தப் பக்கம் நின்றால் படம் நன்றாகத் தெரியும், வெளிச்சம் எங்கிருந்து வரும், எல்லாம் என்னைக் கேட்டாள். முன்வரிசையில் நடுவில் இடம் வேண்டும் என்று செயலாளரிடம் சொல்லியும் வைத்தாள்.

திறப்பு விழாவுக்கு, கூடத்துக்கு நிலம் கொடுத்தவரின் மகன் தலைமை. அத்தான் ஆடி ஒரு நாளும் பார்த்தவர் இல்லை. களத்தில் புலி, வீட்டில் பசு என்று என்னென்னவோ சொல்லிவிட்டுத் திரையை இழுத்தார். கூட்டம் கை தட்டியது. கையில் உறையும் மார்பில் பந்துமாக, சுவரில் முறைத்துக்கொண்டு நின்றது நான்!

பிள்ளையார் பிடிக்கக் குரங்காய் முடிந்தது என்பார்களே, அதற்கு இத்தனை நெருக்கமாக நான் போனதில்லை. கோப்பை ஜெயித்த அன்றைக்கு எடுத்த படம். அத்தான் கையை இறக்காததால் படமெடுக்க வந்தவர் கத்தத் தொடங்கியிருந்தார். அத்தான்தான், “மாப்ள, நீ போடு” என்று தன் சட்டையையும் கையுறையையும் கழற்றி எனக்கு மாட்டிவிட்டு ஒதுங்கிப் போனார். உறை போட்டவன்தானே கோல்கீப்பர் என்று, அந்த இளவயசு முகத்தை உற்றுப் பார்க்காமலே இவர்கள் என்னை வெட்டி எடுத்துவிட்டார்கள்.

“ஐயோ, அது நான்!” என்று எழுந்து கத்தினேன்.

விழாத் தலைவர் மைக்கை வாயருகே கொண்டு போனார். “பாருங்க, மச்சினன். அவரும் நானும் வேற இல்லைங்கறாரு. இதுக்கு மேல என்ன பாசம் வேணும்?”

மறுபடியும் கை தட்டினார்கள். “யோவ், நெஜமாவே நான்தான்யா!” என்றேன். பின்னாலிருந்து இரண்டு பேர் வந்து என்னை அணைத்து உட்கார வைத்துத் தண்ணீர் கொடுத்தார்கள். அக்கா மட்டும் கை தட்டவில்லை. படத்தைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். வீட்டுக்கு வரும் வழியில்தான் வாய் திறந்தாள்.

“உன் மூஞ்சிய நீ பொறந்ததுலேர்ந்து பாத்துட்டு இருக்கேன். அதப் பாக்க நான் மாடி ஏறணுமாடா?”

சிரிப்பாள் என்று திரும்பிப் பார்த்தேன். கன்னம் நனைந்திருந்தது.

மறுநாள் செயலாளரிடம் போனேன். மனுஷன் அசையவில்லை.

“திறந்து வச்சாச்சு சார். இனிமே மாத்தினா கமிட்டி மானம் என்ன ஆகும்? சரி, வேற படம் இருந்தா கொண்டாங்க, பாப்போம்.”

ஆல்பத்தைக் கொண்டுபோய் மேஜையில் போட்டேன். ஒவ்வொரு பக்கமாகப் புரட்டினார்.

“என்ன சார், எல்லாத்துலயும் டாட்டா காட்டறாரு?”

வந்த கோபத்துக்கு அந்த மேஜையை அப்படியே கவிழ்த்திருப்பேன். அக்காவுக்காகப் பல்லைக் கடித்துக்கொண்டு, அந்தக் குரூப் போட்டோ எங்கே என்று கேட்டேன். பெரிதாக்கிச் சட்டம் போடக் கண்ணாடிக் கடைக்குக் கொடுத்ததாகவும், இன்னும் திருப்பி வாங்கவில்லை என்றும் சொன்னார். ஊரில் வேறு கடை ஏது? அத்தான் வேலை பார்த்த அதே கடைதான்.

அக்காவையும் கூட்டிக்கொண்டு போனேன். அன்றைக்கு ஒதுங்கிப் போனவர் படத்துக்குள் விழுந்தாரா, வெளியே நின்றாரா என்று எனக்குத் தெரியாது. அதனால் வழியில் அக்காவிடம் எதுவும் சொல்லவில்லை. கடைக்காரருக்குச் சங்கதியைக் கேட்டதும் முகம் செத்துப்போனது.

“நான் வெளியூர் போயிருந்தேன்பா. புதுப் பையன் சட்டம் போட்டு அனுப்பிட்டான். நான் பாத்திருந்தா விட்டிருப்பனா?”

அட்டைகளுக்கு நடுவிலிருந்து படத்தை உருவி வெளிச்சத்தில் வைத்தார். நடுவில் நான் முறைத்துக்கொண்டு நிற்கிறேன். சட்டை முழங்கால் வரை தொங்குகிறது. வரிசையின் ஓரத்தில், படம் முடிகிற இடத்தில், மாற்று ஆட்டக்காரனின் சட்டையில் அத்தான். அணிக்குத் தண்ணீர் கொண்டுவரும் பெரிய வாளியை இரண்டு கையாலும் தூக்கிப் பிடித்திருக்கிறார். கீழே வைக்க நேரமில்லை போலிருக்கிறது. கை இரண்டும் வாளியில் மாட்டிக்கொண்டதால் முகம் தப்பியது. கேமராவைப் பார்க்கவில்லை. அந்தச் சட்டைக்குள் தொங்கிய என்னைத்தான் பார்க்கிறார். வாய் நிறையச் சிரிப்பு.

அக்கா மேஜையைப் பிடித்துக்கொண்டாள்.

“இவ்ளோ சிரிப்பாராடா?” என்றாள். “எங்கிட்டகூட இப்படிச் சிரிச்சதில்லையே.”

எனக்கும் அப்போதுதான் உறைத்தது. வீட்டிலும் களத்திலும் எந்த நேரமும் ஏதோ வந்து விழப்போகிறது என்ற மாதிரியேதான் அவர் நிற்பார். கோல்கீப்பராக இல்லாமல் அவர் நின்றது அந்த ஒரு நிமிஷம்தான். அந்த நிமிஷத்தை எனக்குக் கொடுத்துவிட்டு ஓரமாக நின்று அனுபவித்திருக்கிறார். நான் தெருப்பக்கம் திரும்பி மூக்கைத் துடைத்துக்கொண்டேன்.

கடைக்காரர் தன் செலவிலேயே அந்த ஓரத்தைப் பெரிதாக்கித் தருவதாகச் சொன்னார். செயலாளர் வந்து பார்த்தார். முகத்தைச் சுளித்தார்.

“வாளியோடயா? விளையாட்டு வீரர்னு போட்டுட்டு ஒரு ஆளு வாளியோட நின்னா பாக்கறவங்க என்ன நினைப்பாங்க? கழுத்து வரைக்கும் வெட்டிடலாம்மா. வாளி தெரியாது.”

அக்கா எழுந்தாள். அவள் குரல் உயர்ந்து நான் கேட்டதே இல்லை. அன்றும் உயரவில்லை.

“வாளியை எடுத்தா அவர் கை சும்மா இருக்காது சார். மூஞ்சிக்குப் போயிடும்.”

செயலாளர் என்னைப் பார்த்தார். நான் கடைக்காரரைப் பார்த்தேன். கடைக்காரர் அளவு நாடாவை எடுத்து, வாளியோடு சேர்த்து அளந்தார்.

இப்போது மாடி அறையில் வாளியோடுதான் நிற்கிறார். தையல் வகுப்புக்கு வருகிறவர்கள், இந்தக் கட்டடத்துக்குத் தண்ணீர் வசதி செய்து கொடுத்த புண்ணியவான் என்று நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். ஒருத்தி அவர் படத்தின் கீழேயே, குழாயில் தண்ணீர் வரவில்லை என்று எழுதி ஒட்டிவிட்டுப் போனாள். அதைச் சரிபார்க்கக் கூப்பிட்டதும் என்னைத்தான்.

கழற்றிய என் படத்தை வீட்டுக்குக் கொண்டு போனேன். முதலும் கடைசியுமாக நான் கையுறை போட்ட படம், வீட்டுக் கூடத்தில் மாட்டலாமே என்று ஓர் ஆசை. என் பெண்டாட்டி வாசலிலேயே மறித்துவிட்டாள்.

“கீழ ‘நினைவாக’ன்னு எழுதியிருக்கு. உசிரோட இருக்கற ஆளுக்கு என்ன நினைவு? எடுத்துட்டுப் போங்க அந்தாண்ட!”

இப்போது அது பரண்மேல் சுவரைப் பார்த்துத் திரும்பி நிற்கிறது. அங்கேயும் பெஞ்சுதான்.

குழாயைச் சரிசெய்யப் போன அன்றைக்கு அக்கா அறையில் தனியாக உட்கார்ந்திருந்தாள். அடிக்கடி வருகிறாளாம். வகுப்பு நடந்தாலும் ஓரமாக ஒரு நாற்காலி போட்டுக்கொள்வாளாம். அத்தான் மாட்டிய ஜன்னல் கண்ணாடி வழியாக வெயில் படத்தின்மேல் விழுந்திருந்தது.

“அக்கா, அவர் பக்கத்துல போய் நில்லு. ஒண்ணு எடுக்கறேன்” என்றேன்.

முந்தானையைச் சரிசெய்துகொண்டு படத்துக்குப் பக்கத்தில் போய் நின்றாள். நான் போனைத் தூக்கினேன். அவள் என்னைப் பார்க்கவில்லை. பதறிப்போய்ச் சட்டென்று அவர் பக்கம் திரும்பினாள்.

வாளி அவர் கையிலேயே இருந்தது.