டேப்புக்குள் இருந்த அத்தா

திருச்சி ஏர்போர்ட்டிலிருந்து கிளம்பிய அம்பாசிடர், பெரம்பலூரைத் தாண்டி லப்பைக்குடிக்காட்டுத் தெருவுக்குள் திரும்பியபோது கவுஸுக்கு ஒரே அவசரம்தான். ஆஃப்ராவைத் தூக்க வேண்டும். அவன் சார்ஜாவுக்குப் போனபோது அவள் ஹபீபாவின் வயிற்றில் இருந்தாள். லீவு கேட்டபோதெல்லாம் சலவைக்கடை அரபி பாஸ்போர்ட்டைப் பூட்டி வைத்துக்கொண்டு "அடுத்த வருசம்" என்றே சொல்லிவந்தான். அப்படியே பிள்ளைக்கு ஐந்து வயது ஆகிவிட்டது.

பெற்ற பிள்ளையை அடையாளம் தெரியாமல் போய்விடுமோ என்ற பயம் அவனுக்கு இல்லை. போட்டோ இருந்தது. அதைவிடப் பெரிதாக, குரல் இருந்தது. ஊரிலிருந்து யார் வந்தாலும் கையில் ஒரு கேசட் வரும். அதில் ஆஃப்ரா அல்ஹம்து சூரா ஓதுவாள், "அத்தா, பொம்மை வாங்கிட்டு வாங்க" என்பாள். கொஞ்சம் கரகரத்த குரல். பேச்சு முடிகிற இடத்தில் ஒரு இழுப்பு. இஸ்திரிப் பெட்டியின் சூட்டில் நாளெல்லாம் நின்றுவிட்டு ரூமுக்கு வந்தால், அந்தக் குரல்தான் அவனுக்குச் சோறு.

கார் நின்றதும் பிள்ளைகள் மொய்த்துக்கொண்டார்கள்.

"சாக்லேட்டு எந்தப் பெட்டியில இருக்கு? அந்தப் பச்சையிலயாஆ?"

அந்தக் குரல்! அதே கரகரப்பு, அதே இழுப்பு. கவுஸ் பாய்ந்து அந்தப் பிள்ளையை அள்ளித் தூக்கி நெஞ்சோடு அணைத்தான். போட்டோவில் பார்த்த முகம் இல்லையே என்று கண் சொன்னது. அதை யார் கேட்டார்கள்?

"விடுங்க! நான் மர்ஜியா! எங்கத்தா கடைக்குப் போயிருக்காங்க!" அந்தப் பிள்ளை கால்களை உதைத்தது.

கூட்டத்தில் யாரோ சிரித்தார்கள். "மச்சானுக்கு ஃபிளைட்டு மயக்கம் இன்னும் தெளியல போல. பக்கத்து வூட்டுப் புள்ளையத் தூக்குறாரு!"

வாசலில் ஹபீபா நின்றாள். அவள் கையைப் பிடித்துக்கொண்டு போட்டோவில் இருந்த அதே முகம். அந்தப் பிள்ளை காரின் கண்ணாடியில் தன் மூக்கைப் பார்த்துக்கொண்டிருந்தது.

"ஆஃப்ரா!"

திரும்பவில்லை. இன்னும் பலமாகக் கூப்பிட்டான். தெருவே திரும்பியது, அவள் மட்டும் திரும்பவில்லை.

"அவளுக்குக் கேக்காது மாமா. கிட்டப் போயித் தொடுங்க" என்றாள் மர்ஜியா. பிறகு கொஞ்சம் பெருமையாகவே, "டேப்புல நான்தானே பேசுவேன்!" என்றாள்.

கவுஸ் மெதுவாகத் திரும்பி ஆசிக்கைப் பார்த்தான். முகமது ஆசிக் இதே ஊர்க்காரன். சார்ஜாவில் வேறு கடையில் வேலை, ஆனால் அதே ரூமில் பக்கத்துக் கட்டில். இப்போதும் கூடவே லீவில் வந்தவன். ஊருக்குப் போய்த் திரும்பும்போதெல்லாம் கேசட்டைக் கொண்டுவந்து கொடுத்தவனே அவன்தான். இந்த வாசலில் உட்கார்ந்து பிரியாணி தின்றிருக்கிறான். இந்தப் பிள்ளையைப் பார்த்திருக்கிறான். அப்புறம் சார்ஜாவில் கவுஸின் பக்கத்திலேயே உட்கார்ந்து, "மாஷா அல்லாஹ், உன் மவ என்னமா ஓதுறா மச்சான்" என்றும் சொல்லியிருக்கிறான்.

ஆசிக் காரின் கேரியரில் கட்டியிருந்த கயிற்றை அவிழ்ப்பதில் மும்முரமாக இருந்தான். அவிழ்ந்துவிட்ட கயிற்றை மறுபடியும் அவிழ்த்துக்கொண்டிருந்தான்.

பார்க்க வந்தவர்கள் போனபிறகு கவுஸ் கேட்டான். "யாருக்கெல்லாம் தெரியும்?"

"தெருவுக்கே தெரியும்" என்றாள் ஹபீபா.

"ஆக, பெத்தவனுக்கு மட்டும் தெரியாது."

"சொல்லக் கூடாதுன்னு நெனக்கலங்க. பேச்சு வரலன்னு திருச்சிக்குத் தூக்கிட்டுப் போனேன். பொறவியிலேயே காது கேக்காதுன்னு சொல்லிட்டாரு டாக்டரு. வந்து பஸ்ஸ விட்டு எறங்குறேன், உங்க போனு வந்திருக்குன்னு பூத்துலேருந்து ஆள் ஓடியாராங்க. எடுத்ததும் 'எம் மவ பேசுறாளா'ன்னு கேட்டீங்க. அம்புட்டு ஆசையாக் கேட்டீங்க. 'பேசுறா'ன்னு வாயில வந்துருச்சு."

"அந்த ஒரு வார்த்தையோட நிறுத்தியிருக்கலாம்ல?"

"அடுத்த போன்லயே குரல அனுப்புன்னு நின்னீங்களே! நான் எங்க போவேன் குரலுக்கு?"

"எவன் பெத்த புள்ளையோட கொரலையோ தலமாட்டுல வச்சுக்கிட்டுத் தூங்கியிருக்கேன்டி. ரூம்ல எல்லாரையும் உக்கார வச்சுக் கேக்க வச்சேன். எத்தன பேரு உள்ளுக்குள்ள சிரிச்சானோ!"

ஹபீபா தலை நிமிர்ந்தாள். "நீங்களுந்தான்! என்ன திங்கிறா, எதுக்குச் சிரிக்கிறான்னு ஒரு வாட்டியாவது கேட்டிருப்பீங்களா? பேசச் சொல்லு, ஓதச் சொல்லு. வேற என்ன கேட்டீங்க?"

அந்தக் கேள்வி அவனுக்குள் இறங்க வெகுகாலம் பிடித்தது. அன்றைக்கு அது எரிகிற நெருப்பில் எண்ணெயாகத்தான் விழுந்தது. அலமாரியில் அவனே வாங்கி அனுப்பிய டேப் ரெக்கார்டர், துணி போர்த்தி, மணமகன் மாதிரி உட்கார்ந்திருந்தது. எடுத்து முற்றத்தில் அடித்தான்.

அப்போது ஒரு சத்தம் எழுந்தது. மாட்டுக்கன்று கத்துவதுபோல, மேலும் கீழும் போகத் தெரியாத சத்தம். ஆஃப்ரா ஓடிவந்து உடைந்த பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு அழுதாள். கவுஸ் தன் மகளின் குரலைக் கேட்டது அதுதான் முதல் தடவை.

"அவளுக்கு அத்தான்னா அதுதாங்க" என்றாள் ஹபீபா, அழுகைக்கு நடுவே. "நீங்க பேசி அனுப்புன கேசட்டு ஓடுறப்ப அது மேல கைய வச்சுப்பா. அதிரும்ல. அத்தா எங்கன்னு சாடையில கேட்டா, அதத்தான் தொட்டுக் காட்டுவா."

அதன்பிறகு ஆஃப்ரா அவன் பக்கமே வரவில்லை. சாக்லேட்டை வைத்தால், அவன் எழுந்து போனபிறகு எடுத்தாள். அவன் உள்ளே வந்தால் அவள் வெளியே போனாள். தன் அத்தாவை உடைத்த முரடன் அவன். கவுஸ் பெட்டியைப் பெரம்பலூருக்குத் தூக்கிக்கொண்டு போனான். ரேடியோக் கடை அழகேசன் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "இதுக்கு உசுரு வராது பாய். கூடு மட்டுந்தான் பாக்கி" என்றார்.

கூட்டைத் திரும்பக் கொண்டுவந்தான். ஒரு மத்தியானம் முற்றத்து நிழலில் உட்கார்ந்து அதை நெஞ்சோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு பேச ஆரம்பித்தான். என்ன பேசுவதென்று யோசிக்கவில்லை. உள்ளே கிடந்தது வந்தது. "எல்லாரும் சேந்து என்னை ஏமாத்திட்டாங்க தாயி. ஒங்கம்மா ஏமாத்துனா. கூடவே படுத்துக் கெடந்த பய ஏமாத்துனான். எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டு நான் தெருவுல நடக்குறது?"

கதவோரம் நின்ற ஆஃப்ரா, அசைகிற வாயைப் பார்த்தாள். பெட்டியைப் பார்த்தாள். தயங்கித் தயங்கி வந்து பெட்டியின் மேல் கையை வைத்தாள். அது அதிர்ந்தது. அவள் கண்கள் விரிந்தன. பெட்டியை இழுத்துக் கீழே வைத்துவிட்டு, உள்ளங்கையை நேராக அவன் நெஞ்சில் வைத்தாள். அவன் நிறுத்தவில்லை. இருந்த குறையெல்லாம் சொன்னான். ஊரிலேயே அவனிடம் பொய் சொல்லாத ஒரே ஆள் அவள்தான்.

கவுஸ் மறுபடி விமானம் ஏறவில்லை. ஆசிக் சார்ஜாவுக்குத் திரும்பக் கிளம்பும்போது, பயணப் பெட்டி கட்ட வரச்சொல்லி ஆள் அனுப்பினான். கவுஸ் போகவில்லை, இன்றுவரை இருவருக்கும் இடையே சலாமோடு சரி. பெரம்பலூரில் ஒரு சலவைக்கடை போட்டான். திருச்சியில் காது கேளாத பிள்ளைகள் படிக்கிற பள்ளியில் ஆஃப்ராவைச் சேர்த்து, அங்கே கைச்சாடைப் பேச்சு படிக்கத் தானும் உட்கார்ந்தான். கூப்பிட நினைத்தால் தரையில் காலைத் தட்ட வேண்டும், பேசும்போது வெளிச்சம் தன் முகத்தில் விழ வேண்டும் என்றெல்லாம் அவனுக்குச் சொல்லிக்கொடுத்தது மகள்தான். அவளுக்குப் புளிச்சோறு பிடிக்காது என்றும், மழை வந்தால் காரணமில்லாமல் சிரிப்பாள் என்றும் அவன் இப்போது யாரையும் கேட்காமலே சொல்வான். ஹபீபாவோடு பேச்சும் சிரிப்பும் திரும்பிவிட்டன. ஆனாலும் அவள் "ஒண்ணுமில்லங்க" என்று சொன்னால், அவன் ஒரு கணம் அவள் முகத்தைப் பார்த்துவிட்டுத்தான் நம்புவான்.

லீவு நாட்களில் ஆஃப்ரா கடையில் அவனோடு நிற்பாள். ஒருநாள் தெருவிலிருந்து, "மாமா, சலாஆம்!" என்று ஒரு குரல். மர்ஜியா, வளர்ந்துவிட்டாள், பஸ்ஸுக்குப் போகிற வழி. குரலில் அந்தக் கரகரப்பு மட்டும் போகவில்லை. இஸ்திரிப் பெட்டியைப் போட்டது போட்டபடி கவுஸின் உடம்பு விசுக்கென்று திரும்பிவிட்டது. அந்தக் குரல் கேட்டால் உடம்பு இன்னும் மகள் என்றே திரும்புகிறது.

முதுகில் ஒரு தட்டு. ஆஃப்ரா. சட்டை கருகுகிறது என்று கையால் காட்டி, மூக்கைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.