பாதிக்கு மேல் சார்ஜ்

முத்துக்கருப்பன் கையில் ஃபிட்னஸ் பேண்டைப் பார்த்தால் யாருக்கும் சிரிப்புதான் வரும். பஸ் ஸ்டாப்புக்கு நடப்பதையே அலுத்துக்கொள்கிற மனிதர் அவர். அவர் வேலை பார்த்த திருமங்கலம் ரைஸ்மில்லில் மூட்டை தூக்குகிறவர்கள் சும்மா விடுவார்களா? "மாப்ள, இன்னைக்கு எம்புட்டுத் தூரம் நடந்துருக்க?" என்று கேட்பார்கள். அவரும் கையைத் திருப்பிப் பார்த்து, "அழகர்கோயில் போய்ட்டேன்டா, மலை ஏறுறதுதான் பாக்கி" என்பார். அந்தப் பட்டை எண்ணுகிற அடி, துடிப்பு, தூக்கம் எதுவும் அவருக்கு வேண்டாம். அவருக்கு வேண்டியது ஒன்றே ஒன்றுதான். போன் வந்தால் அது மணிக்கட்டில் நடுங்கும்.

எந்தப் போன் என்பது மில்லில் எல்லோருக்கும் தெரியும். அவர் மனைவி முனீஸ்வரிக்கு இரண்டு சிறுநீரகமும் போய்விட்டது. வாரத்தில் மூன்று நாள் மதுரைக்குப் போய் டயாலிசிஸ் செய்துகொண்டு வருகிறாள். தன்னுடையதில் ஒன்றைக் கொடுத்துவிடலாம் என்று போன முத்துக்கருப்பனைச் சர்க்கரை இருக்கிறது என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். லாரி ஓட்டுகிற அவள் அண்ணன் செல்வக்குமாருடையதும் பொருந்தவில்லை. மிச்சம் இருந்தது பதிவு செய்துவிட்டுக் காத்திருக்கிற வரிசை. இறந்துபோன யாரோ ஒருவரின் குடும்பம் மனம் இரங்கி, அந்தச் சிறுநீரகம் முனீஸ்வரிக்குப் பொருந்தியும் வந்தால், ஆஸ்பத்திரியில் அந்த வேலையைப் பார்க்கிற தமிழ்வாணி கூப்பிடுவார்.

"எந்த நேரம்னாலும் கூப்புடுவோம்ண்ணே. ஒரு மணி நேரத்துக்குள்ள எங்களுக்குப் பதில் தெரியணும். இல்லேன்னா அடுத்தவங்களுக்குப் போயிரும். அது என் கையில இல்ல" என்று முதல் நாளே சொல்லியிருந்தார்.

பதில் சொல்வதில் என்ன கஷ்டம் என்று தோன்றும். முத்துக்கருப்பன் நிற்கிற இடத்தில் ஒரு மணி நேரம் நின்று பார்த்தால் தெரியும். அவர் பாலிஷ் மெஷின் ஓட்டுகிறவர். அது ஓடும்போது பக்கத்தில் நிற்கிறவனைக் கூப்பிடவே கல்லை விட்டெறிய வேண்டும். போனை இடுப்பில் செருகி வைத்துப் பார்த்தார். வேர்வையும் தவிட்டுத் தூசியும் சேர்ந்து ஒரு போனைக் கொன்றன. அதுவுமில்லாமல் தரையே நடுங்குகிற இடத்தில் இடுப்பில் போன் நடுங்குவது எங்கே தெரியப்போகிறது? மணிக்கட்டு எலும்பில்தான் தெரிந்தது. அதனால் போனை மஞ்சப்பையில் போட்டு மெஷினுக்குப் பின்னால் தூணில் மாட்டிவிட்டு, பேண்டைக் கையில் கட்டிக்கொண்டு நிற்பார்.

அந்த பேண்ட் முதலாளி மகன் விக்ரம் தொந்தியைக் குறைக்கிறேன் பேர்வழி என்று வாங்கியது. நாலு நாள் நடந்தான். ஐந்தாம் நாள் அது ஆபீஸ் டிராயருக்குள் போனது. போன் வந்தால் நடுங்கும் என்று கேள்விப்பட்டு முத்துக்கருப்பன் போய்க் கேட்டபோது, தொல்லை விட்டது என்று தூக்கிக் கொடுத்துவிட்டான். ஊரில் ஒருத்தனுக்கு வேண்டாததில் இன்னொருத்தனுடைய உயிர் தொங்குவது புதிதா என்ன?

முதலில் ஒரு சார்ஜ் ஒரு வாரத்துக்கு மேல் நின்றது. தினமும் அவர் வேலைக்குக் கிளம்பும்போது முனீஸ்வரி தன் பட்டன் போனிலிருந்து ஒரு மிஸ்டு கால் கொடுப்பாள். அவர் கை நடுங்கியதும், "அடிக்குதா?" என்பாள். "அடிக்குது, வாரேன்" என்று பஸ் ஏறுவார். திருநகரில் அவர்கள் குடியிருந்த வீட்டு வாசலில் அது சாமி கும்பிடுவதுபோல நடந்தது. போன மழையில் கூரை ஒழுகி அந்தப் பட்டன் போன் செத்துப்போனது. மிஸ்டு காலும் அதோடு நின்றது.

அதற்குள் பேண்டுக்கும் வயதாகிவிட்டது. ஒரு வாரம் நின்ற சார்ஜ் மூன்று நாளானது. அப்புறம் ஒரு நாள். வெயில் காலம் வந்தபோது காலையில் நிறைய இருந்தது மத்தியானச் சோற்றுக்குள் காலியானது. சார்ஜரின் இரண்டு முனையும் வேர்வைப் பச்சை பிடித்து ஒட்ட மறுத்தன. முனீஸ்வரி எலுமிச்சம்பழத்தைத் தேய்த்துச் சுத்தம் பண்ணி, ரப்பர் பேண்டைச் சுற்றி இறுக்கிக் கட்டி வைப்பாள். பேண்ட் இரவெல்லாம் சார்ஜைக் குடித்துவிட்டு மறுநாள் மத்தியானம் மறுபடி வாயைப் பிளக்கும்.

டவுன்ஹால் ரோட்டில் ரிப்பேர் கடைக்காரன் கையில் வாங்கிப் பார்த்து உடனே திருப்பிக் கொடுத்தான். "இதுல பேட்டரி மாத்த முடியாதுண்ணே. ஒட்டி வச்சுருக்கான். பிரிச்சா ஒடஞ்சிரும். தூரப் போட்டுட்டுப் புதுசு வாங்குங்க." புதிதாக வாங்கலாம் என்று கேட்டால், அது இவருடைய பழைய போனோடு சேராதாம். போனையும் மாற்ற வேண்டுமாம். ஊசிக்கும் மருந்துக்கும் போக அவர் கையில் என்ன நிற்கிறது? "பாக்கலாம் தம்பி" என்று வந்துவிட்டார்.

அதிலிருந்து அவர் பாடு நாய்ப்பாடு. திரை அணைந்துவிட்டதா என்று கையைத் திருப்பித் திருப்பிப் பார்ப்பார். அணைந்ததும் மெஷினை விட்டுவிட்டுத் தூணுக்கு ஓடுவார், போனை எடுத்துப் பார்ப்பார், திரும்புவார். கொஞ்ச நேரத்தில் மறுபடி ஓடுவார். சூப்பர்வைசர் சோணைமுத்து நல்ல மனுசன்தான், அவரே ஒருநாள் கடிந்துகொண்டார். "அண்ணே, அரிசி நொறுங்கிப் போகுது. ஒண்ணு இங்க நில்லுங்க, இல்லேன்னா அங்க நில்லுங்க." முத்துக்கருப்பனுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. வீட்டில் அதைச் சொல்லவும் செய்தார். சொல்லியிருக்கக் கூடாது.

முனீஸ்வரி ஒரு காலத்தில் ஜவுளிக்கடையில் சேலை எடுத்துப் போட்டவள். அவள் சிரித்தால் மாடிப் படியில் ஏறுகிறவர்கள் திரும்பிப் பார்ப்பார்கள். இப்போது அவளுக்கு ஒரு நாளைக்குக் குடிக்க அளந்த தண்ணீர்தான். சின்ன டம்ளரில் ஊற்றி, நாக்கை நனைத்து நனைத்து வைத்துக்கொள்வாள். ஆபரேஷன் முடிந்ததும் என்ன வேண்டும் என்று கேட்டால், "ஒரு செம்புத் தண்ணிய மூச்சு விடாமக் குடிக்கணும்ங்க" என்பாள். கட்டிலுக்குக் கீழே ஒரு பை எப்போதும் தயாராக இருந்தது. நைட்டி, போர்வை, ஆஸ்பத்திரிக் காகிதங்கள், ஒரு எவர்சில்வர் செம்பு. துணியில் பூஞ்சை பிடிக்காமல் இருக்க அவ்வப்போது வெயிலில் போட்டு, மறுபடி மடித்து வைப்பாள்.

சித்திரை வெயில் மண்டையைப் பிளந்த ஒரு நாள். முத்துக்கருப்பன் காலையில் மெஷினைப் போட்டார். மத்தியானம் சாப்பிடக் கை கழுவும்போது பார்த்தால் பேண்டின் திரை எரிந்துகொண்டிருந்தது. சார்ஜ் அதிகம் இறங்கவில்லை. கண்ணை நம்பாமல் துண்டால் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தார். போனையும் ஒரு தடவை பார்த்தார். எந்த அழைப்பும் இல்லை. எலுமிச்சம்பழம் வேலை செய்துவிட்டது என்று நினைத்துக்கொண்டார். எத்தனையோ மாதத்துக்கு அப்புறம் அவர் நிம்மதியாக உட்கார்ந்து சாப்பிட்டது அன்றைக்குத்தான்.

சாப்பிட்டு முடிப்பதற்குள் லாரி வந்துவிட்டது. சாயங்காலத்துக்குள் லோடு கிளம்ப வேண்டும். முத்துக்கருப்பன் மெஷினை விட்டு நகரவில்லை. அவ்வப்போது கையைப் பார்ப்பார். பேண்ட் உயிரோடு இருக்கும். தூணுக்கு ஓட வேண்டிய அவசியமே இல்லை. சோணைமுத்து முதுகில் தட்டி, "இப்பிடித்தாண்ணே இருக்கணும்" என்றுகூடச் சொன்னார்.

மெஷினை நிறுத்திவிட்டு முகத்தைக் கழுவிக்கொண்டு வந்து பையை எடுத்தார். போன் திரை முழுக்கத் தவறிய அழைப்பு. எல்லாம் ஆஸ்பத்திரி நம்பர். முதல் அழைப்பு மத்தியானமே, அவர் மெஷினுக்குத் திரும்பிய கொஞ்ச நேரத்தில் வந்திருந்தது.

 அங்கேயே நின்று அந்த நம்பரை அழுத்தினார்.

"அண்ணே, எங்கண்ணே போனீங்க?" தமிழ்வாணியின் குரல் உடைந்திருந்தது. "எம்புட்டு நேரம் அடிச்சோம் தெரியுமா? ரெண்டாவது நம்பர் குடுத்தீங்கள்ல, உங்க மச்சான், அது சுவிட்ச் ஆஃப்."

"லாரில வடக்க போயிருக்காரும்மா. மெஷின் சத்தத்துல எனக்கு... இப்ப வந்துர்றோம்மா. ஆட்டோ பிடிச்சு இந்தா வந்துர்றோம். அவ சாப்புட்டுருக்க மாட்டா. வெறும் வயித்தோடதான் இருப்பா. பை ரெடியா இருக்கும்மா."



"அடுத்தவங்களுக்குச் சொல்லிட்டோம்ண்ணே. அவங்க தியேட்டருக்குள்ள போய்ட்டாங்க."

"ஒங்க கால்ல விழுறேம்மா. யார்ட்டயாச்சும் கேட்டுப் பாரும்மா."

"உங்க பேரு லிஸ்ட்ல அப்பிடியேதாண்ணே இருக்கு. அடுத்து வந்தா கண்டிப்பாக் கூப்புடுவோம்."

அடுத்து எப்போது வரும் என்று இவர் கேட்கவில்லை, தமிழ்வாணியும் சொல்லவில்லை. முத்துக்கருப்பன் உமிக் குவியல் மேல் உட்கார்ந்து முகத்தில் அறைந்துகொண்டார். கையில் அந்தப் பாழாய்ப்போன பேண்ட் ஜோராக எரிந்துகொண்டிருந்தது. உயிரோடுதானே இருந்தாய், ஒரு தடவை நடுங்கியிருக்கக் கூடாதா என்று அதைக் கேட்டார். கழற்றி எறியக் கை ஓங்கியவர், அடுத்த அழைப்பு வந்தால் என்ன செய்வது என்ற பயத்தில் கையை இறக்கினார்.

பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்தும் காற்று உறைக்கவில்லை. முனீஸ்வரியிடம் சொல்லிவிட வேண்டியதுதான். அவள் காலைக் கட்டிக்கொண்டு, என்னால்தான் போச்சு, நான்தான் பார்க்காமல் விட்டேன் என்று சொல்லிவிட வேண்டியதுதான். அவள் அடித்தாலும் சரி, திட்டினாலும் சரி. திருநகரில் இறங்கியபோது சொல்ல வேண்டியதை வாய்க்குள் கூட்டி வைத்திருந்தார்.

முனீஸ்வரி வாசலிலேயே நின்றாள். வீங்கிய முகத்தில் பழைய சிரிப்பு.

"ஏங்க, சார்ஜ் நின்னுச்சா?" அவர் வாய் திறப்பதற்குள் மணிக்கட்டைப் பிடித்துத் திருப்பினாள். "அம்மாடி! இன்னும் பாதிக்கு மேல இருக்கே!"

"முனீசு..."

"நான்தாங்க பண்ணேன். சோணைமுத்து வஞ்சாருன்னு சொன்னீங்கள்ல, மனசே ஆறல. டயாலிசிஸ்ல நம்ம ரோகிணி சிஸ்டரும் இதே மாதிரிதான் கட்டிருக்கு. பச்சையா ஒரு இல படம் இருக்கும், அத அமுக்குனா சார்ஜ் எறங்காதுன்னு சொல்லுச்சு. காலைல நீங்க குளிக்கப் போனப்ப அமுக்கி வச்சேன். சொல்லாமச் செஞ்சு, சாயங்காலம் உங்க மூஞ்சியப் பாக்கணும்னு இருந்தேன்."

முத்துக்கருப்பன் பேண்டைப் பார்த்தார். திரையின் மூலையில் பொட்டுப்போல ஒரு பச்சை இலை. சார்ஜை மிச்சம் பிடிக்க அந்த இலை நடுக்கத்தையும் சேர்த்து நிறுத்தி வைத்திருந்தது என்று அவருக்கு அப்போதுதான் விளங்கியது. வாய்க்குள் கூட்டி வைத்திருந்த சொல் அத்தனையும் தொண்டைக்குள் திரும்பிப் போனது. இதை இவளிடம் எப்படிச் சொல்வது? சொன்னால் இவள் பிழைப்பாளா?

"என்னங்க பேய் அறஞ்ச மாதிரி நிக்கிறீங்க? இருங்க, பாண்டிமீனாட்ட போன் வாங்கி ஒரு மிஸ்டு கால் குடுத்துப் பாக்குறேன். பழையபடி."

"இரு. கை கால் கழுவிட்டு வந்துர்றேன். அப்பறம் குடு."

பின்பக்கக் குழாயடிக்கு ஏறக்குறைய ஓடினார். ஈர விரலுக்குத் திரை அசையவில்லை. சட்டையில் துடைத்துத் துடைத்து அழுத்தினார். பச்சை இலை போனது. போனை எடுத்துத் தவறிய அழைப்புகளை ஒவ்வொன்றாக அழித்தார். தமிழ்வாணியிடம் பேச வேண்டும். நாளைக்கு முனீஸ்வரி டயாலிசிஸுக்குப் போகுமுன் அவர் காலில் விழுந்தாவது சொல்ல வேண்டும், இவளிடம் மூச்சு விட்டுவிடாதீர்கள் என்று. குழாயைத் திறந்து விட்டு, அந்தச் சத்தத்தில் கொஞ்ச நேரம் அழுதார்.

முகத்தைத் துடைத்துக்கொண்டு வந்தபோது முனீஸ்வரி பக்கத்து வீட்டு பாண்டிமீனாவின் போனோடு தயாராக இருந்தாள். அவர் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டு நம்பரை அழுத்தினாள். பேண்ட் நடுங்கியது. அவள் இரண்டு உள்ளங்கையாலும் அதைப் பொத்திப் பிடித்துக் கண்ணை மூடிக்கொண்டாள்.

"அடிக்குதுங்க. நல்லா அடிக்குது. இனி அவங்க எப்பக் கூப்புட்டாலும் தெரிஞ்சிரும்ல?"

"தெரிஞ்சிரும் முனீசு" என்றார் அவர்.