கோடுகளில் வரைந்த வழி

சங்கரன்கோவில் பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே நான் பிரவுசிங் சென்டர் வைத்திருந்தபோது, புளியங்குடியிலிருந்து ஒருவர் தினமும் வருவார். நரைத்த தாடி, நூல் கட்டிய கண்ணாடி. ┌, ─, ┐, │ என்று கோட்டுக் குறிகளை ஒவ்வொன்றாக ஒட்டி, ஒரு இணையப் பக்கத்தில் தன் வீட்டுக்குப் போகும் தெருக்களை வரைவார். வரைந்த தெருவில் விரலை வைத்து, உதடு அசைய நடந்து பார்ப்பார். பக்கத்தின் தலைப்பில் அவர் மகனின் பெயர் இருந்தது. அவன் கோபித்துக்கொண்டு வீட்டைவிட்டுப் போய் நான்கு வருடமாம்.

"பேப்பர்ல வரைஞ்சு ஒரு போட்டோ போட்டா முடிஞ்சுதே அண்ணாச்சி?" என்றேன்.

"படம் எல்லா போன்லயும் தொறக்காது தம்பி. எழுத்துன்னா எதுலயும் வரும். அவன் எங்கன கெடக்கானோ, என்ன போன் வச்சிருக்கானோ."

"அவனுக்குச் சொந்த வீட்டுக்கு வழி தெரியாதா?"

"நாங்க வீடு மாறிட்டோம். பழைய வீடு பூட்டிக் கெடக்கதப் பாத்துட்டு அப்படியே திரும்பிட்டான்னா?"

என் போனில் திறந்தபோது கோடுகள் விலகி, தெருக்கள் துண்டு துண்டாகக் கிடந்தன. அவர் முகம் செத்துப்போனது. எழுத்துகளெல்லாம் ஒரே அகலத்தில் வரும்படி நிரலில் ஒரு வரி சேர்த்தேன். தெருக்கள் ஒன்றுசேர்ந்தன. அவர் போன பிறகு, சரியாகத்தான் தெரிகிறதா என்று இன்னொரு முறை திறந்து பார்த்தேன்.

மறுநாள் வந்து பக்கத்தைத் திறந்தவர், எழுந்து என் மேசைக்கு ஓடி வந்தார். பக்கத்தின் அடியில், அவர் திறந்தது போக, பார்த்தவர் எண்ணிக்கை ஒன்று கூடியிருந்தது.

"தம்பி, அவன் பாத்துட்டான்!"

பார்த்தது நான்தான் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. மகன் வரும்போது வீட்டில் இருக்க வேண்டுமென்று அவர் அடுத்த பஸ்ஸிலேயே திரும்பிவிட்டார். அதன் பிறகு வரவேயில்லை. எத்தனை நாள் வாசலைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாரோ!