ஐப்பசி என்றால் அக்டோபர்

என் அம்மாவிடம் மாதக் கணக்கு கேட்டால் விரலைத்தான் நம்புவாள். கட்டைவிரலால் மற்ற விரல்களின் கணுக்களைத் தொட்டுத் தொட்டு எண்ணுவாள். நடுவில் யாராவது வாயைத் திறந்தால் ஒரு முறைப்பு. நான் முழுகாமல் இருக்கிறேன் என்று தெரிந்த அன்று, அரியாங்குப்பத்து வீட்டுக் கூடத்தில் நின்றபடியே எண்ணினாள். நான் கடைசியாகத் தலைக்குக் குளித்தது தை மாதம் முடிய ஒரு வாரம் இருக்கும்போது. அவளுக்கு அதுவும் ஒரு முழு மாதம். தை ஒன்று, மாசி இரண்டு என்று போய், பத்தாவது கணுவில் விரல் நின்றது.

"ஐப்பசி. எழுதி வச்சிக்க."

என் வீட்டுக்காரர் அப்போது வளைகுடா நாடொன்றில் ஹோட்டல் சமையற்காரர்; பிப்ரவரியில்தான் பதினைந்து நாள் வந்து போயிருந்தார். புதுச்சேரி டவுனில் கிறிஸ்தவக் குடும்பம், பிரெஞ்சுப் பள்ளிக்கூடத்துப் படிப்பு. எங்களுடையது காதல் கல்யாணம். தமிழ் மாதங்களில் அவருக்குத் தெரிந்தவை இரண்டே இரண்டு: பொங்கலுக்காகத் தை, தள்ளுபடிக்காக ஆடி. மற்ற பத்தும் எனக்கு வாய்த்த மனுஷனுக்குத் தேவைப்படவில்லை.

அவர் ஹோட்டலில் முழு மாத லீவு வேண்டுமென்றால், எந்த மாதம் என்று மார்ச்சுக்குள் சொல்லிவிட வேண்டும். ஒன்றாம் தேதியிலிருந்து கடைசித் தேதி வரை. அப்புறம் மாற்ற முடியாது. அதைக் கேட்கத்தான் போன் செய்திருக்கிறார். நான் பின்பக்கம் வாந்தி எடுத்துக்கொண்டிருந்தேன். போனை அம்மா எடுத்தாள்.

"எந்த மாசம் அத்தே?"

"ஐப்பசிதான் மாப்ளே. வேற பேச்சே இல்ல."

அவர் செல்போனில் தேடியிருக்கிறார். 'அக்டோபர், நவம்பர்' என்று வந்திருக்கிறது. முதலில் இருந்ததைப் படித்துவிட்டு, மீதியைப் படிக்க அவசியமில்லை என்று அக்டோபருக்கு எழுதிக் கொடுத்துவிட்டார். அப்பா ஆகப் போகிற அவசரம்! எனக்கு வந்தது ஒரே ஒரு வரி: 'லீவு போட்டுட்டேன்.' நானும் எந்த மாதம் என்று கேட்கவில்லை.

ஸ்கேன் எடுத்த டாக்டர் நவம்பர் பன்னிரண்டு என்றார். சந்தோஷமாக அவருக்குப் போன் செய்து சொன்னேன்.

"நவம்பரா? ஐப்பசின்னா அக்டோபர்தானே?"

"பாதி அக்டோபர், பாதி நவம்பர்ங்க!"

"அதெப்படி ஒரு மாசம் இன்னொரு மாசத்துல பாதியில ஆரம்பிக்கும்?" என்று என்னிடமே கோபப்பட்டார். நவம்பரை இன்னொரு சமையற்காரர் பிடித்துவிட்டார். குழந்தை பிறக்கும்போது பக்கத்தில் இருக்க வேண்டும் என்பது ஒன்றுதான் அவருடைய ஆசை. பன்னிரண்டு நாளில் அது கைநழுவப் பார்த்தது.

டாக்டரிடம் அழுதேன். "இங்க மாசமே கிடையாதும்மா, வாரந்தான். முப்பத்தேழு வாரம் தாண்டிட்டா எப்ப வேணா வரலாம்," என்றார். எண்ணிப் பார்த்தேன். அக்டோபர் இருபத்திரண்டிலிருந்து முப்பத்தொன்று வரை பத்து நாள் கிடைத்தது. அதைப் பிடித்துக்கொண்டேன்.

அக்டோபர் ஒன்றாம் தேதி காலையில் பெட்டியோடு வந்து இறங்கினார். தலைப்பிரசவம் என்பதால் நான் அம்மா வீட்டில். அவரும் அங்கேயே தங்கிவிட்டார். "இன்னாடி, வீட்டோட மாப்பிள்ளையா?" என்று தெருவே கேட்டது. அவர் கண்டுகொள்ளவில்லை. மூன்றாம் நாள் அம்மாவின் சமையலறையைப் பிடித்துக்கொண்டார். அம்மா வெளியே உட்கார்ந்து, "இந்த மனுஷன் மீனுக்கு வெண்ணெய் போடுறாரே, விளங்குமா?" என்று புலம்பிவிட்டு, தட்டில் விழுந்ததை மிச்சம் வைக்காமல் சாப்பிட்டாள். சாயங்காலம் ஆட்டோ பிடித்து பீச்சுக்கு நடக்கப் போவோம். வயிற்றிடம் குனிந்து, "கண்ணு, அப்பாவுக்கு முப்பத்தொண்ணாந்தேதி ஃபிளைட்டு. கொஞ்சம் அட்ஜஸ்ட் பண்ணிக்க," என்பார். சுண்டல் விற்கிற அம்மா சிரிப்பார்.

அக்டோபர் ஜெபமாலை மாதம். டவுனிலிருந்த மாமியார் முப்பத்தொரு நாளும் ஜெபமாலை சொல்லி, பிள்ளை சீக்கிரம் பிறக்க வேண்டும் என்று மாதாவிடம் கேட்டுக்கொண்டிருந்தார். ஞாயிற்றுக்கிழமை சாப்பாட்டில் வாய்தவறி அதைச் சொல்லிவிட்டார். அம்மாவுக்கு வந்ததே கோபம்!

"இன்னா சம்மந்தி, கொறமாசத்துல பொறக்கணும்னா வேண்டுறீங்க? நான் தெனம் மாரியாத்தாள நெறமாசமாக் குடுன்னு கேட்டுட்டிருக்கேன்!"

"எம் புள்ள பாக்க வேணாமா சம்மந்தி?"

"பாக்கட்டும். புள்ள வெந்து வர வேணாமா?"

நானும் அவரும் ஒருவரை ஒருவர் பார்க்காமல் சாப்பிட்டோம். பார்த்திருந்தால் சிரித்துத் தொலைத்திருப்போம்.

இருபத்தெட்டாம் தேதி மத்தியானம் வலி வந்தது. ஆற்றுப் பாலத்தில் ஆட்டோக்காரரை அவர் விரட்டிய விரட்டு! டாக்டர் பார்த்துவிட்டு, "இது சூட்டு வலி. வீட்டுக்குப் போங்க," என்றார். அன்றைக்கு அவர் முகம் சுருங்கியதைப் பார்த்து எனக்கு வயிற்றுப் பிள்ளை மேலேயே ஆத்திரம் வந்தது. முப்பத்தொன்றாம் தேதி சாயங்காலம் வயிற்றில் கை வைத்துப் பார்த்துவிட்டுக் கிளம்பிப் போனார். நான் கதவைப் பிடித்துக்கொண்டு வாய்விட்டு அழுதேன்.

நவம்பர் பத்தாம் தேதி பெண் பிறந்தாள். வார்டுக்குக் கொண்டுவந்ததும் அம்மா காலண்டரைத் தேடிப் போய்ப் பார்த்துவிட்டு வந்தாள்.

"ஐப்பசி இருபத்தி நாலு! நான் அன்னிக்கே இன்னா சொன்னேன்?"

அவ்வளவுதான், எனக்குப் பொங்கிவிட்டது. "உன் ஐப்பசியால அந்த மனுஷன் புள்ளய பாக்காம போயிட்டாரும்மா! தேதி சொல்லியிருந்தா இன்னா?" என்று கத்தினேன். பக்கத்துக் கட்டில்காரிகள் திரும்பிப் பார்த்தார்கள். அம்மா எனக்குத் தெரிந்து முதல்முறையாகத் தலையைக் குனிந்துகொண்டு, குழந்தையின் துணியை இழுத்துச் சரிசெய்தாள்.

அப்போது அவர் வீடியோவில் வந்தார். தலையில் வெள்ளைத் தொப்பி, பின்னால் அடுப்புப் புகை. குழந்தையைக் காட்டினேன். பார்த்துக்கொண்டே இருந்தார். அம்மா போனை வாங்கினாள். "தப்பு என்னுதுதான் மாப்ளே. வேணும்னு சொல்லல," என்றாள். முந்தானையில் மூக்கைச் சிந்தினாள்.

"அழாதீங்க அத்தே. கல்யாணம் ஆகி ரெண்டு வருஷத்துல பதினெட்டு நாள் ஒரு தடவ, பதினஞ்சு நாள் ஒரு தடவன்னுதான் வந்திருக்கேன். ஒண்ணாந்தேதியிலேருந்து கடைசித் தேதி வரைக்கும் இவகூட இருந்தது இந்த மாசந்தான். நவம்பர்ல வந்திருந்தா ஆளாளுக்குப் புள்ளயத்தான் பாத்திருப்போம். இவள யாரு பாத்திருப்பா?"

போன் ஸ்பீக்கரில் இருந்தது. வார்டு முழுக்கக் கேட்டது. வெட்கத்தில் நான் போர்வையை முகத்துக்கு இழுத்துக்கொண்டு, உள்ளே சிரித்துக்கொண்டே அழுதேன்.