ஈயம் இல்லாத அறை

ஐந்தாவது முறையும் பிளாங்க் காலை வாரிவிட்டது.

பிளாங்க் என்பது வெறும் தண்ணீர். ஆய்வுக்கூடத்திலேயே பலமுறை சுத்திகரித்தது. கடல்தண்ணீரைத் தொடுவதற்கு முன்னால் அந்த வெறும் தண்ணீரை எடுத்து, கடல்தண்ணீருக்குச் செய்யப்போகிற அத்தனையையும் அதற்குச் செய்து, கருவியில் ஏற்றிப் பார்க்க வேண்டும். 'ஒன்றுமில்லை' என்று கருவி சொன்னால்தான் கை சுத்தம். பிரவீனாவின் வெறும் தண்ணீரில் ஒவ்வொரு முறையும் ஈயம் இருந்தது. ஊசிமுனையில் ஒட்டுவதைவிடக் குறைவுதான். அவள் தேடிக்கொண்டிருந்த ஈயமோ அதைவிடவும் குறைவு.

அலமாரியில் பன்னிரண்டு பாட்டில்கள் இருந்தன. இரட்டைப் பிளாஸ்டிக் பைக்குள் கட்டி, வடதுருவக் கடலிலிருந்து ஒரு வெளிநாட்டுக் கப்பலில் வந்தவை. பெட்ரோலில் ஈயம் கலந்த காலத்தில் காற்றோடு போய்ப் பனியில் படிந்த பழைய ஈயம், இப்போது பனி உருக உருகக் கடலுக்குள் இறங்குகிறதா என்பதுதான் கேள்வி. ஈயத்துக்கு ஊர் உண்டு. அதன் ஐசோடோப்புகள் என்ன விகிதத்தில் இருக்கின்றன என்று பார்த்தால், எந்தப் பக்கத்துச் சுரங்கத்திலிருந்து கிளம்பியது என்பது தெரிந்துவிடும். ஒவ்வொரு பாட்டிலிலும் இருந்த தண்ணீர் ஒரே ஒரு சோதனைக்குத்தான் போதும். தப்பாகப் போனால் போனதுதான்.

அந்தக் கடலைப் பிரவீனா பார்த்ததில்லை. அவளுக்குத் தெரிந்த குளிர், பள்ளியிலிருந்து ஒருமுறை கேமரன் மலைக்குப் போனபோது பட்டது. மலேசியாவில், ஸ்கூடாய்ப் பல்கலைக்கழகத்தின் மூன்றாம் மாடியில், தலைமுதல் கால்வரை வெள்ளை உடை மாட்டி, இரண்டு ஜோடிக் கையுறை போட்டு, ஒரு கண்ணாடி அறைக்குள் தனியாக உட்கார்ந்துகொண்டு அவள் அந்தக் கடலோடு பழகினாள். மார்ச் கடைசிக்குள் பிளாங்கில் ஈயம் இறங்காவிட்டால் பாட்டில்கள் ஜப்பானில் உள்ள ஓர் ஆய்வுக்கூடத்துக்குப் போய்விடும். அவளுடைய நாலு வருடப் படிப்பும் அவற்றோடு போய்விடும்.

கையுறையை மாற்றினாள். அமிலத்தை மாற்றினாள். பாட்டில்களை வாரக்கணக்கில் அமிலத்தில் ஊறப்போட்டு மறுபடி கழுவினாள். காற்று வடிகட்டியையும் புதிதாகப் போட்டுப் பார்த்தாயிற்று.

"ஈயம் நடந்து வராது லா," என்றார் டாக்டர் ஷிரீன். அவர்தான் அவளுடைய மேற்பார்வையாளர். ஜொகூர் பாருவில் சாப்பாட்டுக்கடை வைத்திருக்கும் குடும்பத்திலிருந்து வந்தவர். "யாரோ தூக்கிட்டு வரணும். நீ எங்கேர்ந்து வர்ற, எதுல வர்ற, எல்லாத்தயும் யோசி."

பிரவீனா மாசாயிலிருந்து வந்தாள். காலை ஆறரைக்கு அப்பா தங்கராஜு தன் மோட்டார் சைக்கிளில் அவளைப் பஸ் நிறுத்தத்தில் இறக்கிவிட்டு, அப்படியே பாசிர் கூடாங்கிற்கு வேலைக்குப் போவார். பின்னால் உட்கார்ந்து அவருடைய ஜாக்கெட்டை இறுகப் பிடித்துக்கொள்வாள். மழை நாட்களில் முகத்தை அவர் முதுகில் புதைத்துக்கொள்வாள். இருபத்தாறு வயதிலும் அதில் கூச்சம் இல்லை. வீட்டில் யாரும் யாரையும் தொட்டுப் பேசுகிற பழக்கம் கிடையாது. அந்தப் பதினைந்து நிமிடம் மட்டும் விதிவிலக்கு.

அப்பா என்ன வேலை என்று யாராவது கேட்டால், "ஃபேக்டரி" என்று சொல்லி நிறுத்திக்கொள்வாள். பழைய கார் பேட்டரிகளை உடைத்து உள்ளிருக்கும் ஈயத்தைப் பிரிக்கிற இடம் அது. பதினோரு வருடமாக அவர் அங்கே கான்ட்ராக்டில் இருக்கிறார்.

டாக்டர் ஷிரீன் சொன்ன மறுநாள், பிரவீனா தன் சட்டையின் வலது கையிலிருந்து ஒரு துண்டு வெட்டினாள். பஸ் நிறுத்தத்துத் தூசி கொஞ்சம், பல்கலைக்கழக நடைபாதைத் தூசி கொஞ்சம் எடுத்தாள். மூன்றையும் பக்கத்துச் சாதாரண ஆய்வுக்கூடத்தில் அமிலத்தில் கரைத்துக் கருவியில் ஏற்றினாள். நடைபாதைத் தூசியின் விகிதம் வேறு. பஸ் நிறுத்தத்து விகிதமும் வேறு. சட்டைத் துணியின் விகிதம் மட்டும் கெட்டுப்போன பிளாங்கோடு மூன்றாவது தசமம்வரை ஒத்துப்போனது.

மூன்று தடவை கணக்குப் போட்டுப் பார்த்தாள். மூன்று தடவையும் அப்பாதான் வந்தார்.

வீட்டில் சொல்லியிருக்கலாம். 'அப்பா, உங்க தூசியாலதான்' என்று தொடங்கிப் பார்த்தாள். அந்த வாக்கியம் எங்கே போய் முடியும் என்று தெரியவில்லை. அவர் மனம் நோகக் கூடாது என்று நினைத்தாளா, சொல்கிற சங்கடம் தனக்கு வேண்டாம் என்று நினைத்தாளா? அதுவும் தெரியவில்லை.

"வேலை ஜாஸ்திம்மா. யூனிவர்சிட்டி பக்கத்துலயே ரூம் எடுத்துக்கிறேன். ரெண்டு மாசந்தான்."

அம்மா மலர் பள்ளி கேண்டீனில் வேலை செய்கிறவர். எதையும் சத்தமாகத்தான் சொல்வார். "நாலு வருசமா போயிட்டு வந்த ரோடு இப்பதான் தூரமா தெரியுதோ? படிக்கப் படிக்க வீடு சின்னதாயிருச்சு போல."

அப்பா "மோட்டார்ல கொண்டு விடட்டுமா?" என்று மட்டும் கேட்டார். "வேணாம்பா, கிராப் டாக்ஸி சொல்லிட்டேன்," என்றாள்.

பழைய துணி, பை, செருப்பு எதையும் எடுத்துக்கொள்ளவில்லை. ஸ்கூடாயில் எல்லாம் புதிதாக வாங்கினாள். இடுப்புவரை இருந்த முடியைக் காது மட்டத்துக்கு வெட்டிக்கொண்டாள். தூசி முடியில் தங்கும். அடுக்குமாடி வீட்டில் அவளோடு இரண்டு மாணவிகள் இருந்தார்கள். இருவரும் கதவைச் சாத்திக்கொண்டு படிக்கிறவர்கள். சில நாட்களில், காலையில் காப்பிக் கடையில் 'தே ஓ கொசோங்' என்று சீனியில்லாத தேநீர் கேட்டதுதான் அன்று முழுக்க அவள் பேசியதாக இருக்கும். கண்ணாடி அறைக்குள் போனால் காற்று வடிகட்டியின் இரைச்சல். வீட்டுக்கு வந்தால் ஃபேன் இரைச்சல். நான் எதற்காக இங்கே இருக்கிறேன் என்று கேட்டுக்கொள்வாள். பிளாங்குக்காக என்பது பதில். பதில் சரிதான். ஆனாலும் கேள்வி மறுநாளும் வந்தது.

இரண்டாம் ஞாயிற்றுக்கிழமை அப்பா வந்தார். பெக்கான் நானாஸிலிருந்து ஒரு நண்பர் கொடுத்த அன்னாசிப்பழம் ஒரு கையில், அம்மா செய்த நெத்திலிச் சம்பல் ஒரு கையில். அவர் மேலே ஏறி வந்துவிடுவாரோ என்று அவள் கீழே ஓடினாள். அவளைப் பார்த்ததும் அவர் முகம் மாறியது.

"என்னம்மா, முடிய?"

"சும்மாதான்பா. வெக்கையா இருக்கு."

அவர் பழத்தை நீட்டினார். அவள் அறியாமலே ஓர் அடி பின்னால் போனாள். "அந்த பெஞ்சுலயே வெச்சிருங்கப்பா."

"மேல வந்து ஒரு கிளாஸ் தண்ணி குடிச்சிட்டுப் போறேனே."

"ரூம்ல ஃப்ரெண்ட்ஸ் இருக்காங்கப்பா."

அவர் மேலே ஜன்னல்களைப் பார்த்தார். தலையாட்டினார். காவலாளி பெஞ்சில் பொருட்களை வைத்துவிட்டு மோட்டாரைத் திருப்பினார். பிரவீனா அன்னாசியையும் சம்பலையும் அந்த நேப்பாளக் காவலாளியிடமே கொடுத்துவிட்டாள். அவன் இரண்டு தடவை நன்றி சொன்னான். அவளுக்கு அழுகை வரவில்லை. அதுதான் அவளை உறுத்தியது.

ஆறாவது பிளாங்க் பாதியாக இறங்கியது. ஏழாவதில் கருவி கிட்டத்தட்ட ஒன்றுமில்லை என்றது. அந்த எண்ணைப் பார்த்தபடியே வெகுநேரம் உட்கார்ந்திருந்தாள். வீடு முழுக்கக் கழிந்துபோன பிறகு மிஞ்சிய எண் அது.

"அலமாக்! என்ன மந்திரம் போட்ட?" டாக்டர் ஷிரீன் அவள் தோளைப் பிடித்து உலுக்கினார். "திங்கக்கெழமையே முதல் பாட்டில ஆரம்பிச்சிடலாம்."

பிரவீனா எல்லாவற்றையும் சொன்னாள். மோட்டார், ஜாக்கெட், சட்டைத் துணி, முடி, புது அறை. நல்ல ஆய்வு முறை என்று பாராட்டுவார் என்றுகூட ஒரு மூலையில் எதிர்பார்த்தாள். டாக்டர் ஷிரீன் கையை எடுத்துக்கொண்டார்.

"அப்பாவுக்கு ரத்தம் பாத்தியா?"

பிரவீனாவுக்கு முதலில் கேள்வியே புரியவில்லை. பிறகுதான் புரிந்தது. அடிக்கடி வயிற்றுவலி, மலச்சிக்கல், சோர்வு, கை நடுக்கம்: ஈயம் உடம்புக்குள் போனால் என்ன செய்யும் என்பதை ஆய்வேட்டின் முதல் அத்தியாயத்தில் அவளே வரிசையாக எழுதியிருந்தாள். 'உங்கப்பாவுக்கு வயிறு சரியில்ல, எதைத் தின்னாலும் வலிக்குதாம்' என்று அம்மா ஒரு வருடமாகச் சொல்லிக்கொண்டிருந்தார். பன்னிரண்டு பாட்டில் கடல்தண்ணீரில் தூசி விழக்கூடாது என்று முடியை வெட்டியவளுக்கு, அந்தத் தூசியைப் பதினோரு வருடமாக மூச்சில் இழுத்த ஆளின் நினைப்பு ஆறு வாரமாக வரவில்லை.

போனில் சொன்னால் அவர் கிளினிக் பக்கம் தலைவைத்தும் படுக்க மாட்டார். போய்த்தான் ஆக வேண்டும். போனால் சேர்த்து வைத்த சுத்தமெல்லாம் ஒரே நாளில் போய்விடும். அன்று சாயங்காலமே மாசாய்க்கு பஸ் ஏறினாள்.

அப்பா அப்போதுதான் வேலையிலிருந்து வந்திருந்தார். ஜாக்கெட்டைக்கூடக் கழற்றவில்லை. அவள் பக்கத்தில் உட்கார்ந்து சொல்லி முடித்தாள். அவர் தரையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அன்னிக்கு உன் ரூமுக்கு வந்தப்ப நான் ரெண்டு தடவ குளிச்சிட்டுதாம்மா வந்தேன்," என்றார். "கோயிலுக்குப் போடுற சட்டையத்தான் போட்டுக்கிட்டேன்."

"பாத்தேன்பா."

"அந்தப் புள்ளைங்க முன்னாடி என்னைக் காட்ட நீ வெக்கப்படுறேன்னு நெனச்சேன்."

இல்லை என்று சொல்ல வாயெடுத்தாள். "அதுவும் கொஞ்சம் இருந்துச்சோ என்னமோப்பா. எனக்கே தெரியல."

அடுப்படியிலிருந்து அம்மா கரண்டியோடு வந்தார். "ரெண்டு பேரும் வாயில கொழுக்கட்டையா வெச்சிருந்தீங்க? ஒன்றரை மாசமா இந்த மனுசன் ஒழுங்கா சாப்பிடல தெரியுமா? கம்பெனியில ரத்தம் எடுப்பாங்கன்னு சொன்னீங்களே, என்னாச்சு?"

"கம்பெனி ஆளுங்களுக்கு எடுப்பாங்க. நாங்க கான்ட்ராக்ட்."

மறுநாள் அரசாங்கக் கிளினிக்கில் மூன்று மணி நேரம் காத்திருந்தார்கள். ரத்தம் கோலாலம்பூருக்குப் போய்வர இரண்டு வாரத்துக்கு மேலாகும் என்றார்கள். முடிவு வரும்வரை வேலைக்குப் போகக்கூடாது என்று டாக்டர் எம்.சி. என்கிற விடுப்புச் சீட்டு எழுதிக்கொடுத்தார். பிரவீனா மூன்று நாள் வீட்டிலேயே இருந்தாள். ஜாக்கெட்டையும் வேலைத் துணிகளையும் மூட்டை கட்டினாள். மெத்தை உறைகளைத் துவைத்தாள். வீடு முழுக்க ஈரத்துணியால் துடைத்தாள்.

திங்கட்கிழமை டாக்டர் ஷிரீன் சுற்றி வளைக்கவில்லை. "திரும்ப முதல்லேர்ந்து சுத்தம் பண்ணணும். அதுக்கப்புறம் நாள் பத்தாது. ஆறு பாட்டில் உனக்கு. மத்த ஆற இன்னிக்கே ஜப்பானுக்கு அனுப்பிடலாம். எந்த ஆறுன்னு நீயே சொல்லு."

பனி விளிம்பில் எடுத்த ஆறை வைத்துக்கொண்டாள். ஆழத்தில் எடுத்தவற்றைப் பெட்டியில் அடுக்கினாள். மேலே வந்த ஈயம் கீழே போகிறதா என்று இனி அவளால் சொல்ல முடியாது; வேறு யாரோ வேறு பெயரில் சொல்வார்கள். பெட்டியை ஒட்டிக் கூரியர்காரரிடம் கொடுத்துவிட்டு, மறுபடி புதுத் துணி வாங்கப் போனாள். மறுபடி அதே அறை, அதே ஃபேன்.

இரண்டு பாட்டில் முடிந்து மூன்றாவதைத் தொடங்கவிருந்த சாயங்காலம் அப்பா போன் செய்தார்.

"நாப்பதாம்மா. நாப்பது மைக்ரோ என்னமோ. டாக்டரம்மா படிச்சாங்க. இனி பேட்டரி பக்கமே போகக்கூடாதாம். கான்ட்ராக்டர் லோரி வந்து போற கேட்டுக்கு மாத்துறேன்னு சொல்றான். மாத்துவானோ என்னமோ."

"மாத்தலன்னா போகாதீங்கப்பா."

"பாப்போம்." பிறகு, இத்தனை வருடத்தில் முதல்முறையாக அதைக் கேட்டார். "உன்னோட அந்தக் கடல்ல எவ்ளோ இருக்கு?"

"ரொம்பக் கம்மிப்பா."

"கம்மின்னா? எங்கிட்ட நாப்பது. அதுகிட்ட?"

அவள் ஒரு தாளை இழுத்துக் கணக்குப் போட்டாள். "உங்க ஒரு சொட்டு ரத்தத்துல எவ்ளோ ஈயம் இருக்கோ, அவ்ளோ வேணும்னா பத்து லிட்டர் கடல்தண்ணி வேணும்பா."

"பத்து லிட்டரா?"

"ம்."

"ஒரு சொட்டுக்கா?" அவர் போனை எங்கோ கீழே வைத்தார். வைத்த சத்தம் கேட்டது. "மலரு, கேட்டியா? இந்தப் புள்ள என்ன சொல்லுதுன்னு. பத்து லிட்டராம்!" "எதுக்குப் பத்து லிட்டரு?" என்று அம்மா குரல். டிவியில் யாரோ சிரித்தார்கள். மேசையிலிருந்து ஒரு தட்டு நகர்ந்தது. அம்மா அவரை மருந்து போடச் சொல்லித் திட்டினார். அவர் சோறு சூடாக இருக்கிறது என்றார். போன் திறந்தே கிடப்பது இருவர் நினைவிலும் இல்லை.

பிரவீனா குரல் கொடுக்கவில்லை. அழைப்பைத் துண்டிக்கவும் இல்லை. ஃபேனை நிறுத்திவிட்டு, அவர்கள் சாப்பிட்டு முடிக்கும்வரை காதில் வைத்துக்கொண்டிருந்தாள்.